தம்பி குரூப்பை விட்டுப் போயிட்டான்

 

கரியாலூர்ல எங்க பஜனைக் குழுவுல ஏழு பேர். எல்லாருக்கும் வேற வேலை இருக்கு, கிருத்திகைக்குத்தான் கூடுவோம். சண்டை ஒரே விஷயத்துக்குத்தான்: வேகம். கூட்டம் கைதட்டினா டோலக் தம்பி ஓட்டிடுவான். ஆர்மோனியம் அண்ணன் முகம் சுளிப்பார். இதுல மலைப்பனி வேற. ஈரத்துல டோலக் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அதுவும் தம்பி தலையில விழும். போன கிருத்திகை ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறிட்டான்.

வேகத்துக்கு அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுலயே தீர்ப்பு சொல்லிட்டார். திருப்புகழ்ல தாளம் டோலக்கிலும் இல்ல, ஆர்மோனியத்திலும் இல்ல, சொல்லுக்குள்ளயே இருக்கு. குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எல்லாம் சந்தக் கணக்குப்படி உட்கார்ந்திருக்கும். அவசரத்துல நெடிலை நறுக்கினா ‘பாடு’ ‘படு’ ஆயிடும். இழுத்தா ‘மலை’ ‘மாலை’ ஆயிடும். அதனால முதல்ல வாத்தியத்தைக் கீழே வச்சு, கைதட்டி வார்த்தையை மட்டும் சொல்லிப் பார்க்கணும். யார் ஓடுறாங்க, யார் இழுக்குறாங்கன்னு அவங்கவங்களுக்கே கேட்டுடும்.

ஆனா போனவனை என்ன பண்றது? “அவனாத்தானே போனான், அவனா வரட்டும்”னு ரெண்டு பேர் மெசேஜ் போட்டாங்க. எனக்கு அது பிடிக்கல. மாம்பழம் கிடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் பழநிக்குப் போனவன்தான் நாம கும்பிடுற சாமி. அவன் போனதும் அம்மையப்பன் கயிலாயத்துல உட்கார்ந்துகிட்டு “வரட்டும்”னு சொல்லல. சமாதானப்படுத்தப் பின்னாடியே கிளம்பி வந்தாங்க.

ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போறோம். ஆர்மோனியம் அண்ணனும் வர்றார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!