இருட்டறையில் ஒரு போதகர்



துன்பம் வரும்போது, "கடவுள் எங்கே?" என்று கேட்கின்றோம். அக்கேள்வியை நெஞ்சு வெடிக்கக் கேட்டவர்கள், நாஸிகளின் கையிற் சிக்கிய யூத மக்கள். அவர்களுள் ஒருவர் பேர்லின் நகரத்து ரபி லியோ பெக்.

அந்நிய நாடு செல்ல அழைப்புகள் வந்தும், தம் மக்களை விட்டு அவர் அகலவில்லை. 1935இல் பாவப்பரிகாரப் பெருநாளுக்கென அவர் எழுதிய செபத்தை நாஸிகள் தடைசெய்து, அவரையும் கைதுசெய்தனர். 1943 சனவரியில், தமது 69ஆம் வயதில், இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசியன்ஸ்ராட் முகாமுக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே குப்பை வண்டி இழுத்தார். இரவிலோ, விளக்கில்லாத அறையில் நெருங்கி நின்ற கைதிகளுக்கு மெய்யியல் போதித்தார். 1945 மே மாதத்தில் விடுதலை கிடைத்த பின்பும், உடனே புறப்படாமல் அங்கிருந்தவர்களோடு சில வாரங்கள் தங்கினார்.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? இறைவன் மறைபொருள்; ஆனால் அவருடைய கட்டளை தெளிவானது; இரண்டையும் பிரிக்கலாகாது. இதுவே பெக் கற்பித்த யூத விசுவாசம். சீனாய் மலையில் இறைவன் தந்தது துன்பத்துக்கு விளக்கமன்று, வாழ்வதற்குக் கட்டளை.

எம் ஆண்டவரும் அம்மரபிலேயே பிறந்தார். அம்மக்களின் சங்கீதத்தைச் சொல்லியே சிலுவையில் செபித்தார்.

ஆகவே, உங்கள் இல்லத்தில் இருள் சூழும்போது, காரணம் விளங்கும்வரை காத்திராதீர்கள். மாலைச் செபத்தை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் படிப்பைக் கைவிடாதீர்கள். அயல்வீட்டு நோயாளியைப் போய்ப் பாருங்கள். இன்றைய கடமையைச் செய்யுங்கள். நாளைக்கு வேண்டிய பலத்தை இறைவன் அதனுள்ளேயே வைத்திருக்கிறார்.