நேரமும் வேலையும்

எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘நேரமும் வேலையும்’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? விடை 4. அந்த நான்கு நாளும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர், துணி துவைத்தவர் கணக்கில் வருவதில்லை. பிள்ளையைத் தேர்வுக்குத் தயார்செய்யும் அம்மாவும் இப்படித்தான் விடைக்கு வெளியே நிற்கிறாள்.

என்.எம்.எம்.எஸ். தேர்வை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டாத பிள்ளைகளுக்கானது. மனத்திறன் தாளில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள். தேர்வுசெய்யப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்காண்டில் 48,000. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 பேருக்குத்தான் இடம்.

படிப்பறிவுத் தாளின் கணக்கு பாடப்புத்தகத்திலிருந்து வருகிறது. மனத்திறன் தாள் அப்படியல்ல. விடுபட்ட எண், கண்ணாடி பிம்பம், சங்கேத எழுத்து எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். போடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பள்ளி முடிந்த பிறகும் சனிக்கிழமையும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது போக மீதி வீட்டுக்கு வருகிறது. வீடு என்று நாகரிகமாகச் சொல்கிறோம். அம்மாவைத்தான் சொல்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அந்த அம்மா எங்கே இருக்கிறாள்? ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஃபாக்ஸ்கான் நிறுவனம் அதை மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. குடும்பத்தை ஊரில் விட்டு வரும் இளம்பெண்ணுக்குப் படுக்கை வேண்டும், அதை மறுக்க ஒன்றுமில்லை. பிள்ளையோடு இங்கேயே வாடகை வீட்டில் இருக்கும் அம்மாக்களில் பலர் கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் சின்ன உதிரிபாகக் கம்பெனிகளிலும் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறார்கள். கம்பெனி பஸ் எப்போது இறக்கிவிடுகிறதோ அப்போதுதான் அவர்களுடைய மாலை தொடங்குகிறது. ‘பிள்ளையோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்’ என்ற அறிவுரை, ஷிப்ட் இல்லாத ஒருத்தியை நினைத்துச் சொல்லப்படுகிறது.

அந்த ஒரு மணி நேரம் கிடைத்தவளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இடம் எண்ணிக்கையில் அடங்கிய தேர்வில் என் பிள்ளை ஒரு படி ஏறினால் வேறொரு பிள்ளை ஒரு படி இறங்கும். பெரும்பாலும் அது என்னைவிட நேரம் குறைந்த ஒருத்தியின் பிள்ளையாக இருக்கும். அப்படியானால் என் அன்பு இன்னொருத்திக்கு அநியாயமா?

ஹாரி பிரிக்ஹவுஸ், ஆடம் ஸ்விஃப்ட் என்ற இரண்டு தத்துவவாதிகள் 2014இல் வெளிவந்த ‘ஃபேமிலி வேல்யூஸ்’ நூலில் இதை ஆராய்கிறார்கள். பிள்ளைக்குத் தூங்கும்முன் கதை படித்துக் காட்டுவதும் அனுகூலம் தருகிறது, உயர்ந்த கட்டணப் பள்ளியில் இடம் வாங்குவதும் தருகிறது. முதலாவது பெற்றோர் பிள்ளை உறவிலேயே அடங்கியது, அதைத் தடுத்தால் குடும்பமே இல்லை. இரண்டாவதுக்கு அந்த நியாயம் கிடையாது என்கிறார்கள்.

அடுப்படித் தரையில் சொல்லித்தரும் கணக்கு இதில் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும் என்றே நினைக்கிறேன். பின்னம் புரிந்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது கதை சொல்வதைப் போன்றது. தரவரிசையில் முந்துவது இடம் பிடிப்பது. பின்னத்தை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தாலும் அது குறைவதில்லை. 6,695 இடங்களோ ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். அறிவைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவையும் இடத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அவிழ்க்கும் பாரத்தை அம்மாவின் தலையில் ஏற்றியதுதான் தவறு.

முடிச்சுப் போட்டவர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி போடவில்லை. உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962இல் தொடங்கியது. நாடெங்கும் சைனிக் பள்ளிகளின் கதவு பெண்பிள்ளைகளுக்குத் திறந்தது 2021-22இல்தான். ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வின் 300 மதிப்பெண்ணில் கணக்குக்கு மட்டும் 150. பெண்களுக்கு 10 விழுக்காடு இடம், அல்லது 10 இடம், எது அதிகமோ அது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பதினொரு வயதில் எழுதும் தேர்வுவழிப் பள்ளிகளில் ஆண்களுக்குச் சுமார் 540 இடமும் பெண்களுக்கு 360 இடமும் இருந்தன. ஆகவே பெண்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினால்தான் இடம். அது பாகுபாடு என்று அந்நாட்டின் உச்ச அமர்வு 1989இல் தீர்ப்பளித்தது. நம் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் என்று எடுக்கிறார்கள். விகிதம் எழுதிவைத்த விதி, மாற்றி எழுதலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு விகிதம் ஓடுகிறது. அம்மாவுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் மகனுக்கா மகளுக்கா? அம்மா ஷிப்டில் இருக்கும்போது சோறு வடித்து, தம்பிக்கு வாய்ப்பாடு கேட்கும் அக்காவின் நேரம் எந்தத் தேர்வுக்கானது? ‘பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்று பிறகு சொல்வார்கள். கணக்குப் போட அவளுக்கு நேரம் வரவில்லை என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

இதைப் படிக்கும் ஒருத்தி கேட்கலாம்: மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் போராடும் ஏழைத் தாயிடமா நியாயம் பேசுகிறீர்கள்? இல்லை. மகள் பத்தாம் வகுப்போடு நிற்பதற்கும் பன்னிரண்டு முடிப்பதற்கும் இடையில் அந்த 48,000 இருக்கக்கூடும். அவள் பிடிக்கட்டும். நியாயத்தின் கடன் நேரம் அதிகம் உள்ளவர்களுக்கே அதிகம். கல்லூரி வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீடு சேரும் என்னைப் போன்றவர்களுக்கு அது நிறையவே இருக்கிறது. நாம் கணக்குச் சொல்லித்தரும்போது வாசல் கதவைத் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைப்பது அந்தக் கடனில் சின்னத் தவணை.

ஆனால் திண்ணை வகுப்பால் மட்டும் இது தீராது, பழையபடி பெண்ணின் கூலியில்லா உழைப்பிலேயே போய் முடியும். மனத்திறன் பயிற்சி பள்ளியின் கால அட்டவணைக்குள் வர வேண்டும், அதற்கென்று ஆசிரியர் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஒரகடத்துப் பள்ளியில் அந்தக் குழு கூடும்போது முதல் கோரிக்கையாக ஒன்றைக் கேட்கலாம்: கூட்டத்தை எந்த ஷிப்டுப் பெண்ணும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.