விரல் அழுக்கு

1324க்கும் 1328க்கும் இடையில் பிரெஞ்சு அரசி ழான் தெவ்ரோவுக்காக உள்ளங்கையளவு ஜெபப் புத்தகம் ஒன்றுக்கு ழான் ப்யூசெல் சித்திரம் தீட்டினார். தேவதூதன் மரியாளுக்குச் சேதி சொல்லும் பக்கத்தில், முதலெழுத்துக்குள் ஒரு பெண் புத்தகமும் கையுமாக மண்டியிட்டிருக்கிறாள், அரசியேதான். பக்கத்தின் அடியில் சிலர் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தனியே ஜெபிக்க வந்தவள் காண்பது, ஜெபிக்கும் தன்னை. இது பக்தியா, பக்தியின் நிலைக்கண்ணாடியா? சித்திரத்து அரசிக்கு முழங்கால் வலிப்பதில்லை, கவனம் சிதறுவதில்லை. அவள் முகஸ்துதியா, குற்றச்சாட்டா என்பது பார்ப்பவளின் நேர்மையைப் பொறுத்தது.

2010இல் ஆய்வாளர் காத்ரின் ரூடி, இத்தகைய சில புத்தகங்களில் படிந்த விரல் அழுக்கைக் கருவிகொண்டு அளந்து, எந்த ஜெபங்கள் அதிகம் வாசிக்கப்பட்டன என்று ஊகித்தார். நோட்டு எண்ணிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சாட்சியம் பிடித்துப்போயிற்று. ஆனால் அழுக்கும் முழுச் சாட்சியல்ல. விரல் ஜெபத்தின்மேல் இருக்கையில் மனம் பக்கத்தின் அடியில் விளையாடிக்கொண்டிருந்திருக்கலாம். ப்யூசெலுக்கு இது தெரிந்திருந்தது போலும்.