விதிக்கப்படாத வரி

ஜூன் திங்கள் பிறந்ததும் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கிறது. புதிய வருகைப் பதிவேட்டை விரித்து, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சென்ற ஆண்டு எழுத்துக்கூட்டத் தடுமாறிய சிறுவன் இவ்வாண்டு தங்குதடையின்றிப் படிக்கிறான். நோயால் ஒரு திங்கள் வராதிருந்த சிறுமியோ, தோழியர் படிக்கும் பாடத்தைக் கண்டு மருள்கிறாள். அந்த ஒரு திங்களை மீட்க அவளும் நானும் ஆண்டு முழுவதும் பாடுபட வேண்டியிருக்கிறது.

ஒரு திங்களை இழந்தவளுக்கே இந்த நிலை என்றால், ஐந்தாண்டுகளை இழந்த பிள்ளைகளின் நிலை என்ன? அந்த ஐந்தாண்டுகளை நோய் பறிக்கவில்லை, போர் பறிக்கவில்லை, பஞ்சமும் பறிக்கவில்லை. நன்கு உடுத்திய, நன்கு படித்த, ஊரார் மதிப்பைப் பெற்ற சிலர், மேசையைச் சுற்றி அமர்ந்து, வரவு செலவுத் திட்டம் தீட்டிப் பறித்தனர். நடந்த இடம் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. முடிவெடுத்ததும் ஒரு ஜூன் திங்களில்தான்; ஆண்டு 1959.

தீமை செய்தவன் யார் என்று கேட்டால், கல்லெறிந்தவனைக் காட்டுகிறோம். தீ வைத்தவனைக் காட்டுகிறோம். செய்ய வேண்டியதைச் செய்யாதிருந்தவனை எங்கே நிறுத்துவது? ‘நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே!’ என்று அவன் கைவிரித்தால், விரித்த அந்தக் கை தூய கைதானா? பிரின்ஸ் எட்வர்டு நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

முதலில் அந்த ஆட்சிமுறையை அறிந்துகொள்வோம். மாநிலத்தின் ஆட்சிப் பிரிவுகளுள் ஒன்று கவுண்டி. பிரின்ஸ் எட்வர்டு, புகையிலை பயிரிடும் நாட்டுப்புறம். ஃபார்ம்வில் அதன் தலைமை ஊர். அதை ஆளும் மன்றத்துக்கு மேற்பார்வையாளர் குழு என்று பெயர். தேர்தலில் வென்றோர் அதன் உறுப்பினர். நிலத்துக்கும் உடைமைக்கும் எவ்வளவு வரி என்று விதிப்பதும், திரண்ட பணத்தை எந்தப் பணிக்கு எவ்வளவு என்று பகிர்வதும் அதன் தலையாய வேலை. பள்ளிகளை நடத்தத் தனியாகப் பள்ளிக்குழு உண்டு. ஆனால் அதற்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. மேற்பார்வையாளர் குழு பணம் தந்தால் பள்ளிக்கு மணி அடிக்கும்; தராவிட்டால் பூட்டுத் தொங்கும்.

வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தார்க்கு வேறு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. கறுப்பினப் பிள்ளைகளின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அங்கே படித்தவர்கள் 450க்கும் மேல். இடம் போதவில்லை என்று பெற்றோர் முறையிட்டபோது, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தனர். மழைக்கு ஒழுகும் கூரை! குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தவர் புழுங்கினர். அப்பால் இருந்தவர் நடுங்கினர்.

1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, மாணவரை ஒன்றுகூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். அவர்கள் முதலில் கேட்டது நல்லதொரு கட்டடம்தான். வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்ப்பதானால் மட்டுமே வழக்கை ஏற்போம் என்றனர். மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். வழக்குப் பதிவானது. அதுவரை கிடைக்காத பணம் உடனே கிடைத்தது! 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய உயர்நிலைப் பள்ளி எழுந்தது. பிரிவினையைக் காப்பாற்ற எவ்வளவு செலவானாலும் தகும் என்று எண்ணினர் போலும்! ஆனால் வழக்கு நிற்கவில்லை. வேறு நான்கு வழக்குகளுடன் இணைந்து, பிரவுன் வழக்கு என்று உலகறிந்த அதில், இனம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1954 மே 17 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வாஷிங்டனில் எழுதப்பட்டது. பணப்பை ஃபார்ம்வில்லில் இருந்தது. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளை நடத்த மாட்டோம் என்று 1956லேயே மேற்பார்வையாளர் குழு தீர்மானம் போட்டுவிட்டது. 1959 செப்டம்பரில் பள்ளிகளை இணைத்தே திறக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மே திங்களில் ஆணையிட்டது. ஜூனில் குழு கூடியது. வரப்போகும் கல்வியாண்டுக்குப் பள்ளி வரியே விதிப்பதில்லை என்று முடிவு செய்தது. அவ்வளவுதான்! செப்டம்பரில் கவுண்டியின் பொதுப்பள்ளிகள் யாவும் பூட்டிக் கிடந்தன. 1953இல் எழுந்த அந்தப் புதிய கட்டடமும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். ஏழை வெள்ளையரின் பிள்ளைகள் சிலரும் நின்றனர். அமெரிக்க நாட்டில் வேறெந்தக் கவுண்டியும் இப்படி ஐந்தாண்டு பூட்டி வைத்ததில்லை.

தோழர்களே, குழுவினரின் வாதங்களைச் செவிமடுப்போம். எதிரியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொண்டு எடைபோடுவதே பகுத்தறிவுக்கு அழகு.

‘நாங்கள் யாரையும் அடிக்கவில்லை, சட்டத்தை மீறவுமில்லை’ என்பது முதல் வாதம். உண்மைதான். வன்முறையின்றி முடித்தோம் என்பதில் அவர்களுக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் கடமை என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டவனுக்கும், ஏற்காத வழிப்போக்கனுக்கும் வேறுபாடு உண்டன்றோ? நீர் விடும் மதகின் திறவுகோலை நம்பி ஒருவனிடம் கொடுக்கிறோம். அவன் திறவாதிருக்கிறான், பயிர் கருகுகிறது. ‘நான் பயிரைத் தொடவே இல்லை’ என்று அவன் சொன்னால் ஊர் ஒப்புமா? திறவுகோல் அவன் மடியில் இருக்கும்வரை, திறவாமையும் அவன் செயலே.

‘வெள்ளையர் பள்ளியையும்தானே மூடினோம்! இருவருக்கும் ஒரே நீதி. இதில் வேற்றுமை எங்கே?’ என்பது இரண்டாவது வாதம். மூன்று வாதங்களில் இதுவே சாதுரியமானது. வீட்டிலே கிணறு வைத்திருப்பவன் ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்க்கச் சொல்கிறான். ‘எனக்கும்தான் இனிப் பொதுக்கிணறு இல்லை’ என்கிறான். இதற்குப் பெயர் சமத்துவமா? வெள்ளையர் பிள்ளைகளுக்கென ஓர் அறநிலை தொடங்கிய தனியார் பள்ளி, அதே செப்டம்பரில் தேவாலயங்களிலும் பிற கட்டடங்களிலும் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு, பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபினும் அவருடன் நின்றோரும், தேவாலயத்து அடித்தளங்களில் நாளுக்குச் சில மணி நேரப் பயிற்சியை மட்டுமே தர முடிந்தது. இருபுறமும் ஒரே வேதநூல்தான்! ஒரே ஆண்டவன் பெயரால் ஒருபுறம் வேலி காக்கப்பட்டது. மறுபுறம் வேலி தாண்ட ஏணி தேடப்பட்டது. நூல் மனிதனை நீதிமானாக்கிவிடும் என்று நம்புவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

பணமில்லாமலா பொதுப்பள்ளியை மூடினர்? அடுத்த ஆண்டே, தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கவுண்டியின் பணத்திலிருந்து 100 டாலர் கொடுக்கக் குழு சட்டம் செய்தது. மாநிலம் தந்த உதவியையும் சேர்த்தால், தொடக்கநிலைப் பிள்ளைக்கு 225 டாலர். உயர்நிலைப் பிள்ளைக்கு 250 டாலர். தனியார் பள்ளிக்கு நன்கொடை தருவோர்க்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவு! 1961இல் நீதிமன்றம் தடுக்கும்வரை இது நடந்தது. கறுப்பினத்தார் கட்டிய வரியும் அந்தக் கருவூலத்தில்தான் கிடந்தது.

‘இது மக்கள் தீர்ப்பு; பெரும்பான்மையின் விருப்பம்’ என்பது மூன்றாவது வாதம். மக்களாட்சியில் பற்றுக் கொண்ட நாம் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எந்த மக்களின் தீர்ப்பு என்று கேட்போம். கவுண்டியின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் கறுப்பினத்தார். பொதுப்பள்ளிப் பிள்ளைகளிலோ அவர்களே மிகுதி. குழுவில் அவர்களுள் ஒருவரும் இல்லை. வர்ஜீனியாவில் வாக்களிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 1.50 டாலர் தலைவரி கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு உரியதைத் தேர்தலுக்கு ஆறு திங்கள் முன்பே கட்டியிருக்க வேண்டும். மாநிலத் தேர்தல்களில் அந்த வரி ஒழிந்தது 1966இல்தான். வாக்குச் சாவடியின் வாயிலை வரியால் அடைத்துவிட்டு, உள்ளே நின்றவர்களை எண்ணி, ‘இதோ பெரும்பான்மை’ என்றனர்.

கறுப்பினத்தார் அனைவரும் வாக்களித்திருந்தாலும், எண்ணிக்கையில் தோற்றிருக்கலாம். அப்போது பள்ளியைப் பூட்டியது நீதியாகிவிடுமா? ஆகாது. எந்தச் சாலைக்கு முதலில் கல் போடுவது, எந்தப் பாலத்தை முதலில் கட்டுவது என்பன கைதூக்கி முடிவு செய்ய வேண்டியவை. ஒரு பிள்ளை எழுத்தறியலாமா, கூடாதா என்பது கைதூக்கி முடிவு செய்யத்தக்கதே அன்று. நாளை கை தூக்குவதற்கான அறிவையே அப்பிள்ளை பள்ளியில்தான் பெறுகிறது. அதைப் பறிக்கும் பெரும்பான்மை, மக்களாட்சியின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறது.

இனி, என் உள்ளத்தை உறுத்தும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் முன்வந்தனர். கறுப்பினத்தார் மறுத்துவிட்டனர். ஏற்றிருந்தால் பிள்ளைகள் படித்திருப்பர். பிரிவினை புதுப் பெயரில் நிலைத்திருக்கும். மறுத்ததால் கொள்கை நின்றது. பிள்ளைகள் ஆண்டுகளை இழந்தனர். உறவினர் வீட்டுக்கும் அயல் மாநிலங்களுக்கும் பிள்ளைகளை அனுப்பி, பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் பல. அனுப்ப வழியற்றோரின் பிள்ளைகள் புகையிலை வயலுக்குச் சென்றனர். அந்தப் பெற்றோர் செய்தது சரியா? ஆசிரியனாகிய எனக்கு, ‘சரி’ என்று சொல்ல நா எழத் தயங்குகிறது. ஒரு பிள்ளையின் ஏழாவது வயது இருமுறை வருவதில்லை. ஆயினும் ‘தவறு’ என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. உரிமையா, பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கும் கொடுமையான நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? பழி அங்கே போய்ச் சேரட்டும். ஒடுக்கப்பட்டவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழப்பு என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, ‘அவனே தேர்ந்தெடுத்தான்’ என்பது ஆதிக்கத்தின் பழைய சூழ்ச்சி.

1963 செப்டம்பரில், கூட்டாட்சி அரசின் முயற்சியாலும் நன்கொடையாலும், ஃபார்ம்வில்லில் கட்டணமில்லாப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பத்து வயதில் எழுத்தறியாமல் வந்து அமர்ந்த பிள்ளைகள் உண்டு. 1964 மே 25 அன்று, கிரிஃபின் குடும்பத்தாரின் பெயரால் அமைந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ஒரு காலத்தில் கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தவர்! மனிதன் மாறக்கூடியவன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மாநிலத்தின் பிற இடங்களிலெல்லாம் பொதுப்பள்ளி நடக்க, இங்கே மட்டும் மூடிவிட்டு, வெள்ளையரின் தனியார் பள்ளிக்குப் பணம் கொடுத்தது சமநீதியை மறுத்ததாகும். தேவையானால் குழுவினரை வரி விதிக்கச் சொல்லி ஆணையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு என்றது தீர்ப்பு. விதிக்கப்படாத வரியும் ஒரு செயலே, அதற்கும் பொறுப்பாளி உண்டு என்பது சட்டமாயிற்று.

பள்ளிகள் திறந்தன. அப்போதும் குழு என்ன செய்தது? பொதுப்பள்ளிக்கு 189,000 டாலர். தனியார் பள்ளிப் பிள்ளைகளின் உதவிக்கு 375,000 டாலர் என்று ஒதுக்கியது. சட்டம் கதவைத் திறக்கலாம். நெஞ்சைத் திறக்க அதனிடம் திறவுகோல் இல்லை!

ஆண்டுகள் உருண்டன. பார்பரா ஜான்ஸ் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். 2003இல் மாநிலச் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது; 2004இல், பள்ளியிழந்தோர் மீண்டும் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தியது. ஆறு வயதில் படிக்க வேண்டியவர்கள் ஐம்பதைக் கடந்தபின் பெற்ற அழைப்பு அது! 2008இல் அதே மேற்பார்வையாளர் குழு, பள்ளிகளை மூடியது தவறு என்று தீர்மானம் இயற்றி, நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டில் ஒரு விளக்கை ஏற்றியது. அந்த விளக்கை நான் எள்ளி நகையாட மாட்டேன். தவறு என்று ஏட்டில் எழுதுவதற்கும் துணிவு வேண்டும். ஆனால் அதன் ஒளியில் ஒன்றும் தெரிய வேண்டும்: மன்னிப்பை வழங்க ஒரு தீர்மானம் போதும், இழந்த வகுப்பை வழங்க எந்தத் தீர்மானத்தாலும் இயலாது.

தோழர்களே! கொடுமைக்கு எதிராக மேடையில் முழங்குகிறோம், தேவைதான். ஆனால் கொடுமை எப்போதும் கோர முகத்தோடு வருவதில்லை. கண்ணாடி அணிந்து, கணக்கேடு ஏந்தி, ‘இவ்வாண்டு நிதியில்லை’ என்று மென்குரலிலும் அது பேசும். நம்மில் சிலர் நாளை ஊராட்சி மன்றத்தில் அமரக்கூடும். பலர் அதன் எதிரே கிராம சபையில் நிற்கக்கூடும். அங்கே வைக்கப்படும் ஏட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்தத் தெருவுக்கு, எந்தப் பிள்ளைக்கு எதுவும் எழுதப்படவில்லை என்பதையும் தேடிப் படியுங்கள். கையெழுத்திட்டவனைப் போலவே, கையெழுத்திட மறுத்தவனையும் கேள்வி கேளுங்கள்.

நான் என் பதிவேட்டுக்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே வரவைக் குறிக்கிறேன். வராத பிள்ளைக்கும் ஒரு குறி இடுகிறேன். அந்தக் குறியைக் கண்டால் மாலையில் அதன் வீட்டுக்குச் சென்று ஏனென்று கேட்பேன். 1959 முதல் ஐந்தாண்டுகள், 1,700 பிள்ளைகளுக்கு அந்தக் குறியை இடவும் ஒரு பதிவேடு இல்லாமற் போயிற்று.