முதல் நாள் இரவில் கேட்கவேண்டிய கேள்வி



நாளை கலியாணம் என்றால் இன்று அந்த வீடு எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முற்றத்தில் பந்தல் எழுந்துவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள். பலகாரம் சுட்டு அடுக்கியாயிற்று. கூறைச் சேலையும் தாலியும் பத்திரமாக இருக்கின்றன. கோவில் சோடனைக்குப் பூ வந்ததா, கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குப் படுக்கப் பாய் போதுமா என்று தகப்பனார் பத்துத் தடவை விசாரித்துவிட்டார். விசாரிக்கப்படாதிருப்பது ஒன்றே ஒன்று: பிள்ளையின் மனம்.

"மாதக்கணக்காகப் பேசித்தானே முற்றாக்கினோம்? அவளும் மறுப்புச் சொல்லவில்லையே" என்பீர்கள். உண்மைதான். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர் சொல்வதுண்டு. ஆனால் திருச்சபை மௌனத்தை ஏற்பதில்லை. பேசக்கூடியவர்கள் தமது சம்மதத்தை வாய்திறந்து சொல்லவேண்டும் என்பது அதன் சட்டம். ஆகவேதான் நாளை பீடத்தின் முன் நின்று குருவானவர், எவருடைய வற்புறுத்தலுமின்றி முழுமனதோடு வந்தீர்களா என்று இருவரையும் விசாரிக்கிறார். ஆனால் ஊர் முழுவதும் பின்னால் இருக்கும் அந்த வேளையில் 'இல்லை' என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? 'இல்லை' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் சொல்லப்படும் 'ஆம்', உண்மையில் 'ஆம்' ஆகுமா?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவாக விடை தருகிறது. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. அதை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது 1057ஆம் சட்டம். தாய் தகப்பனின் அதிகாரமும் இதற்கு விலக்கல்ல. வெளியிலிருந்து வரும் பலவந்தத்துக்கோ பாரதூரமான அச்சத்துக்கோ தப்ப வேறு வழியின்றிச் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் சட்டம். அந்த அச்சம் வேண்டுமென்றே ஊட்டப்படாததாயினும் செல்லாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இந்தக் கடைசி வார்த்தைகள் நல்ல பெற்றோருக்கானவை. நம்மில் எவரும் தடியெடுத்துப் பிள்ளையை மிரட்டுவதில்லை. மிரட்டுவது பந்தல், கொடுத்து முடித்த அழைப்பிதழ், அப்பா பட்ட கடன், அம்மாவின் கண்ணீர். பெண்பிள்ளைக்கு மட்டுமல்ல, தங்கையின் சீதனத்துக்காகத் தன் கலியாணத்துக்குத் தலையாட்டிய ஆண்பிள்ளைக்கும் இது பொருந்தும். நாம் அன்போடு செய்யும் ஒவ்வொரு ஆயத்தமும், பின்வாங்கும் வழியை ஒவ்வொரு கல்லாக அடைத்துவிடக்கூடும்.

ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசித்துப் பாருங்கள். ரெபேக்காவின் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. பொன்னும் வெள்ளியும் ஆடைகளும் கைமாறிவிட்டன. விருந்தும் உண்டாயிற்று. மறுநாட் காலையில் ஆபிரகாமின் ஊழியன் புறப்பட அவசரப்படுகிறான். அப்போதும் வீட்டார், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்கிறார்கள். இந்த மனிதனோடு போக விருப்பமா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள் அவள். வாங்கிய பொன் அந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை.

"உறுதியான மனத்தையும் இது குழப்பிவிடாதா?" என்று நீங்கள் அஞ்சலாம். மனப்பூர்வமான சம்மதம் கேள்வியால் உடைவதில்லை; இன்னும் உறுதிப்படும். முதல் நாள் நடுக்கம் எவருக்கும் உண்டு. அது வெறும் நடுக்கமானால், தாயின் அணைப்பிலே தணிந்துவிடும். நடுக்கமல்ல, மறுப்பென்றால், அதை அறியவேண்டிய கடைசி நேரம் இதுவே. கலியாணம் நின்றால் நட்டம் உண்டு, அவமானம் உண்டு. 'எழுத்து' முடிந்திருந்தால் நீதிமன்றச் சிக்கலும் உண்டு. இவை சிறியவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊர்ப்பேச்சு ஓயும். கடனை ஒருநாள் அடைத்துவிடலாம். விருப்பமில்லாத வாழ்வை உங்கள் பிள்ளை ஆயுள் முழுவதும் அல்லவா சுமக்கவேண்டும்? அதில் பிறக்கும் குழந்தைகளும் அல்லவா சுமப்பார்கள்?

ஆகவே பெற்றோரே, இன்றிரவு வேலைகளைச் சற்று நிறுத்துங்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேளாதீர்கள், அந்தத் 'தானே' என்ற சொல்லில் விடையை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். "வேண்டாம் என்றாலும் நீ எங்கள் பிள்ளைதான். மனத்தில் உள்ளதைச் சொல்லு" என்று கேளுங்கள். பிறகு பேசாதிருந்து, பதிலைக் கேளுங்கள். பதில் கலக்கமானதாயிருந்தால் பங்குத்தந்தையின் கதவைத் தட்டுங்கள். எந்நேரமானாலும் அவர் கோபிக்கமாட்டார்.

பதில் 'ஆம்' என்றால், பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதித்துவிட்டு, மிச்ச வேலைகளைப் பாருங்கள். நாளை பீடத்தின் முன் உங்கள் பிள்ளை சொல்லப்போகும் சம்மதம் அவளுடையதாகவே இருக்கும்.