கன்னத்துக்குப் பத்து நிமிடம்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், உள்ளே ஒன்று உருள்வது தட்டுப்படும். அதுதான் தாடை மூட்டு. இலங்கையின் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் அது வலித்தால் முதலில் காதுவலி என்பார்கள். பிறகு பல்வலி என்பார்கள். ஒன்றும் அறியாத நல்ல பல் பிடுங்கப்படுவதும் உண்டு.

பாவம், அந்த மூட்டுக்கு ஓய்வே கிடையாது. காலையில் ரொட்டி, மலையில் வெற்றிலை, இராத்திரித் தூக்கத்தில் பல் நறநறப்பு. கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து சுமந்தால் கழுத்து இறுகும். கூடவே தாடையும் இறுகும். சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளவே வேண்டியதில்லை என்பது படித்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் தளர்ந்து கிடக்கட்டும். சிகிச்சையில் பாதி இதுதான்.

வெட்டிச் சரிசெய்துவிடும் ஆசை வைத்தியத்துக்கும் இருந்தது. 1980களில் அமெரிக்காவில் மூட்டுக்குள் இருக்கும் வட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் சேர்ந்த செயற்கைத் துண்டைப் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது நொறுங்கி எலும்பையே அரித்தது. 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பொருத்திக்கொண்டவர்களின் வலியை யார் திரும்பப் பெறுவது?

நாட்பட்ட தாடைவலிக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, அந்த வட்டை அகற்ற வேண்டாம் என்கிறது. பிசியோதெரபிஸ்ட் கையால் மூட்டை அசைத்துக்கொடுப்பது, இறுகிய தசையை அழுத்தி விடுவது, ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்கச் செய்யும் தாடைப் பயிற்சி, வலியோடு சேர்ந்த பயத்தைப் பேசித் தணிக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றைத்தான் அது முன்னே வைக்கிறது. வீட்டுப் பயிற்சியோடு விளக்கமும் ஆறுதலும் அந்த வரிசையில் உண்டு. ஆறுதலைச் சிகிச்சையாகவே எழுதியிருக்கிறார்கள்! அந்த வரிசையைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: இவற்றில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் கேட்பது இன்னொரு மனிதரின் நேரத்தை.

தோட்டத்தில் அரிதானதும் அதுவே. பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர். தாடை பூட்டிக்கொண்டு திறக்காவிட்டால், அல்லது வீங்கிக் காய்ச்சல் வந்தால், பேர் போனாலும் போகத்தான் வேண்டும். மற்றபடி, வெற்றிலையைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, சோற்றைக் குழைய வடித்து, சுடுதண்ணீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைக்கச் சொல்வார் வைத்தியர். அந்தப் பத்து நிமிடம் அடுப்பை யார் பார்ப்பது என்றும், கூட வந்த வீட்டுக்காரரிடம் அவர் கேட்டுவிடலாம்.