பச்சை உடம்பும் பச்சை மனமும்

அன்பு செலுத்துவது ஒருவருடைய கடமையாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை என் மனத்தில் கிளப்பியவள் தத்துவம் படித்தவள் அல்ல. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த என் தங்கை.

"அண்ணா, இந்தக் குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்கிறது. நான் கெட்டவளா?" என்றாள்.

குழந்தைக்கு அப்போது ஒரு மாதம். அவளுக்கு அது இரண்டாவது பெண்.

நான் கதை எழுதுகிறவன். தாய்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பெயர் வாங்கியவன். அந்தத் தோரணையிலேயே, "ஒரு தாய் பேசுகிற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவே இல்லை. நானோ அவளைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்கிறோம். அந்த உடம்புக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், காதில் பஞ்சு, சாம்பிராணிப் புகை எல்லாம் வேளை தவறாமல் நடந்தன. பார்க்க வந்தவர்கள் குழந்தையின் நிறத்தையும் எடையையும் விசாரித்தார்கள். "அடுத்தது ஆணாகப் பிறக்கும்" என்று ஆறுதலும் சொன்னார்கள். மாமியார் மூன்று வாரம் கழித்து வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். மனமும் பச்சையாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. பிரான்ஸ் தேசத்து வைத்தியர் லூயி விக்தோர் மார்ஸே 1858-லேயே கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே போய்விடும். போகாமல் தங்கி, உறக்கத்தையும் பசியையும் ஆசையையும் தின்றுவிடுவதுதான் நோய்.

தமிழ்நாட்டுக் கிராமப் பகுதி ஒன்றில் 359 கர்ப்பிணிகளைச் சேர்த்துக் கவனித்த ஓர் ஆராய்ச்சி 2002-ல் வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக இந்நோய் கண்டவர்கள் 100-க்கு 11 பேர். குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை ஆகியவை நோய்க்கு வழிவகுப்பதாகக் கண்டார்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடமே கண்முன் வந்து நின்றது. தாயின் குணக்கேடு என்று அதில் எதுவும் இல்லை. சுற்றியிருந்த நாங்கள்தான் இருந்தோம்.

ஜுரத்தில் கிடப்பவனுக்குச் சோறு கசந்தால், அவனை நன்றி கெட்டவன் என்கிறோமா? உணர்ச்சி நம் கட்டளைக்கு வருவதில்லை. செயல் மட்டுமே ஓரளவு நம் வசத்தில் உண்டு. அந்த நாட்களிலும் என் தங்கை இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். மனம் ஒரு துளி இன்பமும் தராதபோது செய்த காரியம் அது. ஆனந்தமாகக் கொஞ்சுகிறவளின் அன்பைவிட அது எந்த விதத்தில் தாழ்ந்தது?

அதையும் செய்ய முடியாமல் விழுந்து கிடப்பவளும் உண்டு. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவளுடைய கடமை, எழுந்து நிற்க முடிந்தவர்களின் கைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், ஒரு பெண் டாக்டர் என் தங்கையின் முகத்தைப் பார்த்து, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டாராம். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. சில மாதங்களில் தேறினாள். அந்தக் குழந்தைக்கு இப்போது பதினான்கு வயது. தாயும் மகளும் பேச ஆரம்பித்தால் வீட்டில் மற்றவர்களுக்கு இடமில்லை.

நான் படைத்த பழைய தாய்மார்களை இப்போது திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவர்களில் ஒருத்திகூடக் களைத்துப்போகவில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் நான் தொட்டிலுக்கு முதலில் போவதில்லை. தாயிடம் போய், அந்த டாக்டர் கேட்ட கேள்வியைக் கேட்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கவும் பழகிக்கொண்டேன்.